கூட்டு அடர்த்தி 8கச: காரணிகளாகப் பிரிகிறது, ஆனாலும் சார்பற்றவை இல்லையா?

அரைத்தாள் கேட்டது:

வணக்கம். எம்.எஸ்சி. புள்ளியியல் முதல் பருவப் பயிற்சித் தாளில் உள்ள கணக்கு இது. க, ச இரண்டும் சமவாய்ப்பு மாறிகள். அவற்றின் கூட்டு அடர்த்தி:

0 < ச < க < 1 என்ற பகுதியில் 8கச. மற்ற இடங்களில் 0.

கேட்டிருப்பவை:

1. இரண்டின் விளிம்பு அடர்த்திகள் என்ன? க, ச சார்பற்றவையா?
2. நி(க + ச < 1), அதாவது க + ச < 1 ஆக இருக்கும் நிகழ்தகவு, எவ்வளவு?
3. நி(ச < 1/4 | க = 1/2) எவ்வளவு?
4. ஒட்டுறவுக் கெழு எவ்வளவு?
5. ச/க என்ற விகிதத்தின் பரவல் என்ன?

நான் போட்டது: 8கச-வை 0 முதல் 1 வரை ச-வைப் பொறுத்துத் தொகையிட்டால் 4க வருகிறது. அதேபோல் ச-வுக்கு 4ச. இரண்டையும் பெருக்கினால் 16கச, கொடுத்திருப்பதோ 8கச. ஆனால் 8கச என்பது க மட்டும் உள்ள ஒரு பகுதி, ச மட்டும் உள்ள ஒரு பகுதி எனப் பிரிகிறது. அப்படிப் பிரிந்தால் சார்பற்றவை என்றுதானே தேற்றம் சொல்கிறது? பிறகு பெருக்கல் ஏன் பொருந்தவில்லை?

இரண்டாவதற்கு 1/3 வந்தது, விடைத்தாளில் 1/6 என்று இருக்கிறது. மூன்றாவதில் நிபந்தனை நிகழ்தகவுச் சூத்திரத்தைப் போட்டால் 0/0 ஆகிறது. சார்பற்றவை என்றால் நான்காவது 0 ஆக வேண்டும், ஆனால் விடை 0 இல்லை. எங்கே பிசகுகிறது என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா?

---

சுண்ணக்கட்டி எழுதியது:

முதலாம், இரண்டாம், நான்காம் கேள்விகளில் உங்கள் தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். 8கச என்பதை அடர்த்தி என்று எடுத்துக்கொண்டு, "0 < ச < க < 1" என்பதைப் பக்கத்தில் எழுதிய குறிப்புபோல் விட்டுவிட்டீர்கள். அந்தச் சமனிலியும் சார்பின் பகுதிதான். அதை விட்டுவிட்டால் வேறொரு கணக்கைப் போடுகிறீர்கள்.

முதலில் படம் வரையுங்கள். கிடை அச்சில் க, நிலை அச்சில் ச. (0,0), (1,0), (1,1) என்ற மூன்று முனைகளைக் கொண்ட முக்கோணம் வரும். மூலைவிட்டக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பாதிச் சதுரம் அது. அடர்த்தி அதற்குள் மட்டுமே உயிரோடு இருக்கிறது.

விளிம்பு அடர்த்தி: க-வின் அடர்த்தி வேண்டும் என்றால் க-வை ஓர் இடத்தில் நிறுத்தி, அங்கே செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு முக்கோணத்துக்குள் 0-இல் நுழைந்து க-வில் வெளியேறுகிறது. ஆகவே ச-வின் எல்லைகள் 0 முதல் க வரை. 8க × க²/2 = 4க³, 0 < க < 1.

ச-வின் அடர்த்திக்குக் கிடையாக ஒரு கோடு. அது ச-வில் நுழைந்து 1-இல் வெளியேறும். 8ச × (1 − ச²)/2 = 4ச(1 − ச²), 0 < ச < 1.

இரண்டையும் 0 முதல் 1 வரை தொகையிட்டுப் பாருங்கள். முதலாவது 1. இரண்டாவது 4(1/2 − 1/4) = 1. உங்கள் 4க-வைத் தொகையிட்டால் 2 வரும். அங்கேயே நின்றிருக்க வேண்டும்: மொத்தம் 2 வரும் ஒன்று அடர்த்தியே அல்ல. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், எந்த விளிம்பு அடர்த்தியையும் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. க = 1-ஐ நெருங்கும்போது 4க³ நான்கை நெருங்குகிறது. அது தவறு அல்ல. அடர்த்தி 1-ஐத் தாண்டலாம், அதன் பரப்பளவுதான் தாண்டக் கூடாது. இதைப் பார்த்துப் பயந்து சரியான விடையை அடித்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

சார்பின்மை: தேற்றம் சொல்வது முழு அடர்த்தியும் பிரிய வேண்டும் என்று. முழு அடர்த்தி என்பது 8கச × (ச < க என்றால் 1, இல்லாவிட்டால் 0) × (இரண்டும் 0-க்கும் 1-க்கும் இடையில் என்றால் 1, இல்லாவிட்டால் 0). நடுவில் இருக்கும் அந்த "ச < க" சுட்டிக்காட்டியில் இரண்டு மாறிகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதை க மட்டும், ச மட்டும் எனப் பிரிக்க வழியில்லை. ஆகவே சார்பற்றவை அல்ல.

பரீட்சையில் இதை ஒரே வரியில் நிறுவலாம். முக்கோணத்துக்கு வெளியே ஒரு சிறு சதுரத்தைப் பிடியுங்கள்: க < 1/2, ச > 1/2. ச எப்போதும் க-வைவிடச் சிறியது என்பதால் இந்த நிகழ்ச்சியின் நிகழ்தகவு 0. தனித்தனியே பார்த்தால் நி(க < 1/2) = (1/2)⁴ = 1/16. நி(ச > 1/2) என்பது 2ச² − ச⁴-ஐ 1/2 முதல் 1 வரை எடுத்தால் 1 − 7/16 = 9/16. பெருக்கம் 9/256, அது 0 அல்ல. முடிந்தது. இப்படி எதிர் எடுத்துக்காட்டு ஒன்றைக் கையில் கொடுத்தால் திருத்துபவருக்குச் சந்தேகமே வராது.

இரண்டாம் கேள்வி: இப்போது படத்தில் க + ச = 1 என்ற கோட்டையும் போடுங்கள். (1,0)-இலிருந்து முக்கோணத்துக்குள் ஏறி, மூலைவிட்டத்தை (1/2, 1/2)-இல் தொடும். நமக்கு வேண்டியது அதற்குக் கீழே உள்ள சிறு முக்கோணம்: முனைகள் (0,0), (1,0), (1/2,1/2).

நீங்கள் க-வை 0 முதல் 1 வரையும், ச-வை 0 முதல் 1 − க வரையும் எடுத்திருப்பீர்கள். 4க(1 − க)²-ஐத் தொகையிட்டால் 1/3. க = 0.2 என்று வைத்துப் பாருங்கள்: உங்கள் எல்லைப்படி ச 0.8 வரை போகிறது. ஆனால் ச அங்கே 0.2-ஐத் தாண்டவே கூடாது. மூலைவிட்டத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடிப் பிம்பத்தையும் சேர்த்துவிட்டீர்கள். 8கச சமச்சீரானது என்பதால் சரியாக இரண்டு மடங்கு வந்தது.

எந்த மாறியை வெளியே வைப்பது என்பதில் இங்கே உழைப்பு மிச்சமாகிறது. கிடைக்கோடு போட்டால் அது எப்போதும் ச-வில் நுழைந்து 1 − ச-வில் வெளியேறுகிறது. ஒரே துண்டு. ச 0 முதல் 1/2 வரை:

8ச × [(1 − ச)² − ச²]/2 = 4ச(1 − 2ச).

இதன் தொகை 4(1/8 − 1/12) = 1/6.

செங்குத்துக் கோடு போட்டால் இரண்டு துண்டு: க 0 முதல் 1/2 வரை வெளியேறும் இடம் க, 1/2 முதல் 1 வரை வெளியேறும் இடம் 1 − க. முதல் துண்டு 1/16, இரண்டாவது 1/6 − 1/16. கூட்டினால் அதே 1/6. அடர்த்தி எதிர்மறை ஆகாததால் எந்த வரிசையில் தொகையிட்டாலும் விடை மாறாது. எது குறைந்த துண்டு தருகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம் கேள்வி: க தொடர்ச்சியான மாறி, ஆகவே நி(க = 1/2) = 0. இதனால் வகுக்கும் சூத்திரம் இங்கே செல்லாது. நிபந்தனை அடர்த்தியை எடுக்க வேண்டும்: கூட்டு அடர்த்தியை க-வின் விளிம்பு அடர்த்தியால் வகுங்கள்.

8கச / 4க³ = 2ச/க², 0 < ச < க.

எல்லையையும் கூடவே எழுதுங்கள். அது 0 முதல் க வரை, 0 முதல் 1 வரை அல்ல. க = 1/2 என்றால் 8ச, 0 < ச < 1/2. ச-வை 0 முதல் 1/4 வரை தொகையிட்டால் 4 × 1/16 = 1/4.

இதே கேள்வியில் "க = 1/2" என்பதற்குப் பதில் "க < 1/2" என்று ஒரு குறி மாறினால் விடை 7/16. அங்கே நிபந்தனைக்கு 1/16 நிகழ்தகவு உண்டு, சாதாரண வகுத்தல்தான்: (7/256) ÷ (1/16). இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணம், கேள்வியில் என்ன குறி இருக்கிறது என்று இரண்டு முறை பாருங்கள்.

---

நேர்கோடு எழுதியது:

மேலே சொன்னதோடு ஒரு திருத்தம் சேர்க்கிறேன், பலர் இதைப் பாதியாக நினைவில் வைத்திருப்பார்கள். "பகுதி செவ்வகமாக இருந்தால்தான் சார்பற்றவை" என்று வகுப்பில் சொல்வார்கள். உண்மையான நிபந்தனை, பகுதி இரண்டு கணங்களின் கார்ட்டீசியன் பெருக்கமாக இருக்க வேண்டும் என்பது. க-வுக்கு 0–1 அல்லது 2–3, ச-வுக்கும் அப்படியே என்றால் பகுதி நான்கு தனித்தனிச் சதுரங்கள். பார்த்தால் ஒற்றைச் செவ்வகம் இல்லை, ஆனாலும் சார்பற்றவையாக இருக்கலாம். மறுபக்கம், பகுதி முழுச் சதுரம் என்பதால் மட்டும் சார்பின்மை வந்துவிடாது: சதுரத்தில் க + ச என்ற அடர்த்தியை எடுங்கள், மொத்தம் 1 வரும், ஆனால் அது பிரியாது. பகுதியும் பிரிய வேண்டும், சூத்திரமும் பிரிய வேண்டும்.

இனி நான்காம் கேள்வி. விளிம்பு அடர்த்திகள் கையில் இருப்பதால் தொகையீடுகள் எளிது.

க-வின் சராசரி: 4/5. க²-இன் சராசரி: 4/6 = 2/3. பரவற்படி (வர்க்கத்தின் சராசரி − சராசரியின் வர்க்கம்) 2/3 − 16/25 = 2/75.

ச-வின் சராசரி: 4(1/3 − 1/5) = 8/15. ச²-இன் சராசரி: 4(1/4 − 1/6) = 1/3. பரவற்படி 1/3 − 64/225 = 11/225.

கச-வின் சராசரி: இதற்கு மறுபடி முக்கோணத்துக்குப் போக வேண்டும். 8க²ச²-ஐ ச 0 முதல் க வரை தொகையிட்டால் 8க⁵/3; பிறகு க 0 முதல் 1 வரை, 8/18 = 4/9.

இணைமாறுபாடு: 4/9 − (4/5)(8/15) = 100/225 − 96/225 = 4/225.

ஒட்டுறவுக் கெழு: (4/225) ÷ √(2/75 × 11/225). வேர்க்குறிக்குள் 2/75-ஐ 6/225 என்று மாற்றினால் √66/225 ஆகிறது. ஆகவே விடை 4/√66, ஏறக்குறைய 0.492.

இங்கே அதிகம் தவறும் இடம், 4/9-ஐயும் 32/75-ஐயும் தசமமாக்கிக் கழிப்பது. 0.44 − 0.43 என்று இரண்டு இலக்கத்தில் நிறுத்தினால் 0.01 கிடைக்கும், உண்மை விடை 0.0178. கெழு 0.49-இலிருந்து 0.28-க்கு விழுந்துவிடும். இரண்டு நெருங்கிய எண்களைக் கழிக்கும்போது கடைசிவரை பின்னத்திலேயே இருங்கள். ஐஐடி ஜாம் (எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு) கணிதப் புள்ளியியல் தாளில் எண்ணை நேரடியாக உள்ளிடும் கேள்விகள் உண்டு, அங்கே பார்த்து நீக்கத் தெரிவுகள் இருக்காது. பின்னத்தை விட்டால் மதிப்பெண்ணும் போகும்.

கெழு நேர்குறியா, எதிர்குறியா என்பதைக் கணக்குப் போடும் முன்பே சொல்லிவிட முடியும். க பெரிதானால் ச-வுக்கு ஏறும் இடம் கூடுகிறது, ஆகவே நேர்குறி. எதிர்குறி வந்தால் கூட்டல் கழித்தலில் எங்கோ தவறு.

சரிபார்க்க ஒரு நல்ல வழி, நிபந்தனைச் சராசரி வழியாகத் திரும்பி வருவது. க தெரிந்தபோது ச-வின் அடர்த்தி 2ச/க². அதன் சராசரி 2க/3, பரவற்படி க²/2 − 4க²/9 = க²/18.

(2/3) × (4/5) = 8/15. ச-வின் சராசரி பொருந்துகிறது.

மொத்தப் பரவற்படி = நிபந்தனைப் பரவற்படியின் சராசரி + நிபந்தனைச் சராசரியின் பரவற்படி. முதல் உறுப்பு (2/3)/18 = 1/27 = 25/675. இரண்டாவது (4/9)(2/75) = 8/675. கூட்டினால் 33/675 = 11/225. இதுவும் பொருந்துகிறது. இரண்டாவது உறுப்பை மறந்துவிட்டு 1/27-ஐயே பரவற்படி என்று எழுதுவது இந்தப் பாடத்தில் மிகப் பரவலான தவறு.

கடைசியாக, உங்கள் கேள்வியில் "சார்பற்றவை என்றால் கெழு 0" என்று எழுதியது சரிதான். அதைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். (−1, 1)-இல் சீராகப் பரவிய ஒரு மாறியையும் அதன் வர்க்கத்தையும் எடுங்கள். இணைமாறுபாடு 0. ஆனால் மாறி தெரிந்தால் அதன் வர்க்கம் முழுதாகத் தெரியும்.

---

எண்ணி எழுதியது:

கணக்குகள் எல்லாம் சரி. ஆனால் இந்த அடர்த்தி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி வேலை தானாகவே முடிகிறது. இதைப் பார்க்காமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ட₁, ட₂ என்று சார்பற்ற இரண்டு மாறிகள், ஒவ்வொன்றின் அடர்த்தியும் 0 முதல் 1 வரை 2ட. இரண்டில் பெரியதைக் க என்றும் சிறியதைச் ச என்றும் வையுங்கள். (பெரியது, சிறியது) = (க, ச) ஆக இரண்டு வழி: முதலாவது பெரியது அல்லது இரண்டாவது பெரியது. ஆகவே கூட்டு அடர்த்தி 2 × 2க × 2ச = 8கச, ச < க. உங்கள் கணக்கு அப்படியே.

இனிப் பாருங்கள். இரண்டில் பெரியது க-வுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றால் இரண்டுமே கீழே இருக்க வேண்டும்: (க²)² = க⁴. வகையிட்டால் 4க³. சிறியது ச-வுக்கு மேலே இருக்க இரண்டும் மேலே: (1 − ச²)². வகையிட்டுக் குறியை மாற்றினால் 4ச(1 − ச²). தொகையீடே இல்லை.

பெரியது + சிறியது = ட₁ + ட₂. பெரியது × சிறியது = ட₁ × ட₂. வரிசைப்படுத்துவதால் கூட்டலும் பெருக்கலும் மாறாது. ஆகவே கச-வின் சராசரி (2/3)² = 4/9, ஒரே வரி. கூட்டுத்தொகையின் சராசரி 4/3; மேலே வந்த 4/5 + 8/15-உம் 20/15 = 4/3. கூட்டுத்தொகையின் பரவற்படி 2 × (1/2 − 4/9) = 1/9. மேலே உள்ள எண்களைச் சேர்த்தால் 6/225 + 11/225 + 2 × 4/225 = 25/225 = 1/9. நேர்கோடு போட்ட நான்கு எண்களையும் இந்த ஒரு வரி ஒரே அடியில் சரிபார்த்துவிடுகிறது.

இரண்டாம் கேள்வியும் அப்படித்தான்: நி(ட₁ + ட₂ < 1). இங்கே பகுதி முழுச் சதுரம், மூலைவிட்டத் தொல்லை இல்லை. 2ட(1 − ட)²-ஐ 0 முதல் 1 வரை தொகையிட்டால் 2(1/2 − 2/3 + 1/4) = 1/6.

கூட்டுத்தொகையின் முழு அடர்த்தியே கேட்டால், அதைத் தொ என்று வையுங்கள், இரண்டு துண்டு வரும்:

0 < தொ ≤ 1: (2/3)தொ³
1 < தொ < 2: 4தொ − 8/3 − (2/3)தொ³

இரண்டும் தொ = 1-இல் 2/3 என்று சந்திக்க வேண்டும், தொ = 2-இல் இரண்டாவது 0 ஆக வேண்டும். இரண்டும் நடக்கிறது. முதல் துண்டின் பரப்பளவு 1/6, இரண்டாவது 5/6. இரண்டாம் துண்டில் தொகையிடும் எல்லை 0 முதல் 1 வரை அல்ல, தொ − 1 முதல் 1 வரை. ஏனென்றால் ஒரு மாறி 1-ஐத் தாண்டாது, மற்றதாவது தொ − 1 இருந்தாக வேண்டும். இதை மறந்தால் தொ = 1-இல் இரண்டு துண்டுகளும் பொருந்தலாம், ஆனால் தொ = 2-இல் 0 வராது. ஆகவே இரு முனைகளையும் சோதியுங்கள்.

கணினியில் பார்க்க வேண்டுமா? எக்செல் போதும். 2ட அடர்த்தி வேண்டும் என்றால் 0–1 சீர் எண்ணின் வர்க்கமூலம் எடுங்கள். முதல் இரண்டு நெடுவரிசையில் இரண்டு வர்க்கமூலங்கள், மூன்றாவதில் அவற்றின் பெரியது, நான்காவதில் அவற்றின் சிறியது. 10,000 வரிசைக்கு இழுத்துவிட்டுக் கூட்டுத்தொகை 1-க்குக் கீழே எத்தனை என்று எண்ணுங்கள். திட்டப் பிழை √(5/36 ÷ 10,000), அதாவது ஏறக்குறைய 0.0037. பெரும்பாலும் 0.159-க்கும் 0.174-க்கும் இடையில் விழும். உங்கள் 1/3-க்கு அங்கே இடமே இல்லை.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். வர்க்கமூலத்தை விட்டுவிட்டால் முக்கோணத்தில் சீரான அடர்த்தி 2 கிடைக்கும், 8கச அல்ல. கூட்டுத்தொகை 1-க்குக் கீழே இருக்கும் விகிதம் 0.5 என்று வரும். அடுத்தது, மூன்றாம் நெடுவரிசையிலும் நான்காம் நெடுவரிசையிலும் முதல் இரண்டின் முகவரியைக் கொடுக்காமல் புதிதாகச் சமவாய்ப்பு எண்ணை அழைப்பது. அப்போது பெரியது ஒரு சோடியிலிருந்தும் சிறியது வேறொரு சோடியிலிருந்தும் வரும். விளிம்பு அடர்த்திகள் இரண்டும் அச்சாகச் சரியாக இருக்கும், கெழு மட்டும் 0-ஐ ஒட்டி நிற்கும். விளிம்புகள் தெரிந்தால் கூட்டு அடர்த்தி தெரிந்ததாக ஆகாது என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

---

அரைத்தாள் எழுதியது:

மிக்க நன்றி. முதல் நான்கும் தெளிவாகிவிட்டன. ஐந்தாவதைப் போட்டுப் பார்த்தேன். விகிதத்தை வி = ச/க என்று வைத்து, ச = வி × க என்று பதிலிட்டேன். 8கச என்பது 8விக² ஆகிறது. பகுதி 0 < வி < 1, 0 < க < 1. மொத்தத்தைச் சோதித்தால் 8 × 1/2 × 1/3 = 4/3 வருகிறது, 1 வரவில்லை. பகுதி இப்போது சதுரம்தானே, எல்லையில் தவறு இருக்க முடியாது. வேறு என்ன?

---

சுண்ணக்கட்டி எழுதியது:

மொத்தத்தைச் சோதித்தீர்கள், அதனால்தான் மாட்டியது. நன்று.

விடுபட்டது ஜேக்கோபியன். (க, ச)-விலிருந்து (க, வி)-க்குப் போகும்போது பரப்பளவு நீள்கிறது அல்லது சுருங்குகிறது. க-வை நிறுத்திவைத்து வி-யைச் சிறிது நகர்த்தினால் ச அதைப் போல் க மடங்கு நகர்கிறது. ஆகவே க-வால் பெருக்க வேண்டும்:

8விக² × க = 8விக³ = (4க³) × (2வி).

மொத்தம் 8 × 1/2 × 1/4 = 1.

இப்போது இதை நன்றாகப் பாருங்கள். பகுதி முழுச் சதுரம், சூத்திரமும் பிரிகிறது. ஆகவே க-வும் வி-யும் சார்பற்றவை! வி-யின் அடர்த்தி 2வி, 0 < வி < 1. நீங்கள் முதலில் தேடிய சார்பின்மை இந்தக் கணக்கில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் க-வுக்கும் ச-வுக்கும் இடையில் அல்ல, க-வுக்கும் ச/க-வுக்கும் இடையில்.

அதை வைத்து மூன்றாம் கேள்வியைத் திரும்பப் போடுங்கள். க = 1/2 என்றபோது ச < 1/4 என்பதும் வி < 1/2 என்பதும் ஒன்று. வி-க்குக் க-வைப் பற்றிக் கவலையில்லை. (1/2)² = 1/4.

ஜேக்கோபியன் பிடிக்காவிட்டால் பரவல் சார்பு வழியாகவும் போகலாம். நி(ச ≤ வி × க): ச-வை 0 முதல் வி × க வரை தொகையிட்டால் 4வி²க³, பிறகு க 0 முதல் 1 வரை, வி². வகையிட்டால் 2வி. ஒரே ஒரு புதிய மாறியின் பரவல் மட்டும் வேண்டும் என்றால் இதுவே குறுகிய வழி. இரண்டு புதிய மாறிகளின் கூட்டு அடர்த்தி வேண்டும் என்றால் ஜேக்கோபியனைத் தவிர்க்க முடியாது. எந்தத் திசையின் அணிக்கோவை என்பதிலும் கவனம் வேண்டும்: பழைய மாறிகளைப் புதியவற்றால் வகையிட்டால் பெருக்குங்கள், புதியவற்றைப் பழையவற்றால் வகையிட்டால், இங்கே 1/க வரும், அதனால் வகுங்கள். மாற்றிச் செய்தால் 8விக என்று வந்து மொத்தம் 2 ஆகும்.

---

அரைத்தாள் எழுதியது:

புரிந்தது. இதைத் தொட்டே இன்னொரு சந்தேகம். மூலைவிட்டத்தின் மேலேயே நின்றால், அதாவது க = ச என்று கொடுத்தால், க-வின் நிபந்தனை அடர்த்தி என்ன? வி = 1 என்று வைத்தால், சார்பின்மையால் 4க³-தான் வர வேண்டும். ஆனால் க − ச = 0 என்று வைத்துப் போட்டால் 3க² வருகிறது. இரண்டிலும் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

---

எண்ணி எழுதியது:

இரண்டிலும் தவறு இல்லை. இது போரெல்–கொல்மோகொரோவ் முரண் என்று பெயர் பெற்றது.

வித்தியாசத்தை வே = க − ச என்று வையுங்கள். இந்த மாற்றத்தின் ஜேக்கோபியன் 1. கூட்டு அடர்த்தி 8க(க − வே), 0 < வே < க < 1. வே 0-ஐ நோக்கிப் போகும்போது 8க². மொத்தம் 1 ஆகச் சரிசெய்தால் 3க². சராசரி 3/4. விகித வழியில் அடர்த்தி 4க³, சராசரி 4/5.

க = ச என்ற நிகழ்ச்சியின் நிகழ்தகவு 0. அதன்மேல் நிபந்தனை வைப்பது என்றால் அதைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டையை எடுத்து, பட்டையைச் சுருக்கிக்கொண்டே போவது என்றுதான் பொருள். வித்தியாசம் 0.01-க்குக் கீழே என்றால், மூலைவிட்டத்தை ஒட்டி எல்லா இடத்திலும் ஒரே அகலமுள்ள பட்டை கிடைக்கும். விகிதம் 0.99-க்கு மேலே என்றால், பட்டையின் அகலம் க-வின் நூறில் ஒரு பங்கு: (0,0) அருகே ஊசிமுனைபோல் மெலிந்தும், (1,1) அருகே அகன்றும் இருக்கும் ஆப்பு. பெரிய க-க்களுக்கு அங்கே கூடுதலாக க மடங்கு எடை கிடைக்கிறது. 8க²-ஐக் க-வால் பெருக்கினால் 8க³, சரிசெய்தால் 4க³. இரண்டு விடைக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு க மட்டுமே.

எக்செல் தாளிலும் இதைப் பார்க்கலாம். வித்தியாசம் 0.02-க்குக் கீழே உள்ள வரிசைகளை மட்டும் வடிகட்டிக் க-வின் சராசரியை எடுத்தால் 0.75-ஐ ஒட்டி வரும். விகிதம் 0.98-க்கு மேலே உள்ளவற்றை வடிகட்டினால் 0.8-ஐ ஒட்டி வரும். பத்தாயிரம் வரிசையில் ஒவ்வொன்றிலும் சில நூறுதான் தேறும், அதனால் எண்கள் சற்று ஆடும். ஒரு லட்சம் வரிசை எடுத்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

கேள்வித்தாளில் "க = ச எனில்" என்று மட்டும் இருந்தால் கேள்வி முழுமையில்லை. எந்த மாறியின் மதிப்பு கொடுக்கப்பட்டது, விகிதமா வித்தியாசமா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால், எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று முதல் வரியில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.